ஓட்டோ திரும்பும் ஒழுங்கை

இன்று வெள்ளவத்தையில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனேன். வாசலில் இறங்கியதும் ஓட்டோக்காரரிடம், "அண்ணா, இந்த ஒழுங்கைக்குள்ள ஓட்டோவ ஒருக்கா திருப்பிக் காட்டுறீங்களா?" என்று கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, அம்புலன்ஸ் எங்கள் ஜிந்துப்பிட்டி ஒழுங்கைக்குள் வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. வழியெல்லாம் நின்ற மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிவிட்டு, அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் வலது கை தப்பியிருக்கும் என்றார் டொக்டர்.

அன்றிலிருந்து வீட்டைப் பார்க்குமுன் ஒழுங்கையைத்தான் பார்க்கிறேன்.

ஓட்டோ ஒரே வெட்டில் திரும்பியது. "லொறியே திரும்பும், தங்கச்சி."

அப்பாவின் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

வீட்டுக்கார அன்டி தேத்தண்ணீர் தந்தார். "முன்னால இருக்கிற மூண்டு வீட்டையும் வித்துப்போட்டினம், பிள்ளை. பத்து மாடி ஃபிளட்ஸ் வருது. நாப்பது குடும்பம்."

"அவ்வளவு வாகனத்தையும் எங்க விடுவாங்க, அன்டி?"

"வேற எங்க? ஒழுங்கையிலதான். உங்களுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவிராது."

வீட்டுக்கு வந்ததும் அப்பா இடது கையை ஸ்டியரிங் போலச் சுற்றிக் காட்டினார்.

"திரும்பிச்சுப்பா," என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

ஓட்டோ திரும்பும் ஒழுங்கையில் வாடகைக்கு வீடு இருந்தால் கீழே கொமென்ட்டில் எழுதுங்கள். எழுதுமுன், எதிர்வீட்டுக்காரர் விற்கிற யோசனையில் இருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.