ஓரகத்தியோடு ஆடிய தாயம்

என் ஓரகத்தியைப் போல ஒரு கள்ளியை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் நடுவில் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அவள் என் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மத்தியானச் சோறு முடிந்து பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும், மாட்டுக்கொட்டகை ஓரமாகச் சாணி மெழுகிய தரையில் கரித்துண்டால் தாயக்கட்டம் போடுவாள். ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டி, விழுகிற எண்ணிக்கைக்குக் காயை நகர்த்துவோம். அவளுக்கு வளையல் துண்டு, எனக்குக் கூழாங்கல். நம் காய் இருக்கிற கட்டத்துக்கு அவள் காய் வந்தால் வெட்டு. பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு மலை என்று பேர். அங்கே இருக்கிற காயை மட்டும் யாரும் தொட முடியாது.

புளியங்கொட்டைக்குக் காது கிடையாது. எனக்கு இருந்தது, அதுதான் வினை. நான் உருட்டப் போகிற நேரம் பார்த்து, "இன்னாடி, அடுப்புல இன்னாமோ தீயற வாசன வருது?" என்பாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினால் அடுப்பு அணைந்து அதன் மேல் பூனை படுத்திருக்கும். நான் தொடர்ந்து வெட்ட ஆரம்பித்தால் பாராட்டு வரும். "எப்பிடிடி கொட்டைய அப்பிடிப் புடிக்கற? கட்ட வெரல மடக்கிக்கினுதான போடற?" அவ்வளவுதான். அதுவரை கை அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கும். அப்புறம் கட்டைவிரலை எங்கே வைப்பதென்றே எனக்கு மறந்துவிடும். தோற்கிற மாதிரி இருந்தால் கொட்டாவி விடுவாள். "நீயே ஜெயிச்சிக்கோம்மா. சின்னப் பொண்ணு, ஆசப்படற." அந்தக் கொட்டாவிக்கே அவளை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கும்.

வெறும் பொழுதுபோக்காக இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நடவு சமயத்தில், ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு விசேஷம் வந்து சேர்ந்தது. பாகூரில் என் தங்கைக்கு வளைகாப்பு. திருக்கனூரில் அக்காவுடைய அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. "ஒருத்தி போங்க, ஒருத்தி வூட்டப் பாத்துக்குங்க" என்று மாமியார் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தாள். அக்காவோ அத்தைக்காரி, அவள் இல்லாமல் அங்கே தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். என் தங்கையோ தாயில்லாப் பிள்ளை, நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இரண்டு பேராலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"ஆடிப் பாத்துக்கலாம்டி. ஜெயிக்கறவ போவட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வாயையே திறக்கவில்லை. நான் முந்திக்கொண்டே போனேன். கடைசியில் எனக்கு இரண்டு காய் மிச்சம். ஒன்று மலையில் பத்திரமாக இருந்தது, இன்னொன்று அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மூன்று விழுந்தது. எதை நகர்த்தலாம் என்று நான் கையை நீட்டும்போது அவள் உதடு அசைந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சைப் பிடுங்கினேன். "இன்னாக்கா?"

"ஒண்ணும் இல்லடி. மலைல கெடக்கறத நவுத்தாத. வெட்டிடுவன்."

அவள் சொன்னால் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்பது இத்தனை நாள் பட்டுப் பட்டு நான் படித்த பாடம். மலையில் இருந்ததைத்தான் நகர்த்தினேன். அடுத்த உருட்டிலேயே வெட்டிவிட்டாள். பொய் சொல்லி ஏமாற்றினால் சண்டை போடலாம். உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிறவளிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? "நான்தான் சொன்னனேடி" என்றாள், முகத்தைப் பாவம் போல வைத்துக்கொண்டு. ஆட்டமும் போயிற்று, பாகூரும் போயிற்று. நான் கொட்டகைக்குள் போய் மாட்டின் மறைவில் நின்று ஆத்திரத்தில் அழுதேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் புருஷன் கழனியிலிருந்து வந்தார். அவள் நல்ல புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி நடவுக்கு ஆள் பத்தல. ரெண்டு பேரும் கழனிக்கு வந்துடுங்க" என்றார்.

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வித்தையை எடுக்கப் போகிறாள்? கொட்டாவியா, பாராட்டா? புருஷனைக் கட்டிப்போட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

"இன்னாக்கா சரி?" என்று கத்தியது, தோற்றுப்போன நான். "மாமா, அக்கா ஆட்டத்துல ஜெயிச்சிருக்கு. அது திருக்கனூர் போவணும். அத்தக்காரி இல்லாம எப்பிடித் தண்ணி ஊத்துவாங்க?"

"இன்னாத்த ஜெயிச்சா? தாயத்துலயா? பொழுது போவலன்னா சாணி அள்ளுங்க."

போகலாம் என்று சொன்ன மாமியாருக்கு அந்த நேரம் பார்த்துக் கொட்டைப்பாக்கு கடிபடவில்லை. என் புருஷன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர், சோறு போடுகிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு எல்லார் மேலும் கோபம்தான். ஆனால் மற்றவர்களைவிட அவள் மேல்தான் அதிகம்.

"என்னாண்ட மட்டும் அத்தினி சாமர்த்தியம் காட்டினியே. அங்க ஒரு வார்த்த வரலயா உனக்கு?" என்றேன். அவள் புடவையைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பவும் பெட்டியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டோம். ஆள் பற்றவில்லை என்ற மனுஷர் வரப்பில் குடை பிடித்து நின்றார். பஸ் போகிற சத்தம் கேட்டபோதெல்லாம் இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்காமல் குனிந்துகொண்டோம்.

மறுநாள் மத்தியானம் அவள் கரித்துண்டை எடுத்துக் கட்டம் போட்டாள். ஒன்றுமே நடக்காத மாதிரி, "வாடி, ஒரு ஆட்டம் போடலாம்" என்றாள்.

"ஜெயிச்சா எங்க போவ?" என்று கேட்டேன்.

கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டு, எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.