கலிங்குவரை போய்வந்த பழக்கம்

என் கோபம் ஊரறிந்த கோபம். பாகூர் ஏரித் தண்ணீரை எங்கள் பக்கம் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். ஒரு நாள் எங்கள் முறை முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே என் தம்பி மடையை வெட்டி, பக்கத்துக் கழனிக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டான். "பாவம்ண்ணே, நாத்து கருகிப் பூடும்" என்றான். அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். வாய்க்கால் கரையில் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். மீசை வைத்த ஆள் அவன். அப்பா செத்த பிறகு என் தோளில் வளர்ந்த பிள்ளை.

மறுநாளே வில்லியனூரில் எங்கள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒங்க வாயும் கையும் ஒங்க பேச்ச கேக்காது. இனிமே கோவம் வந்தா வாயத் தொறக்காதீங்க. எழுந்து கலிங்கு வரைக்கும் போய்ட்டு வந்து பேசுங்க."

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் கலிங்கு. வீட்டிலிருந்து அரை நாழிகை நடை. எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனாலும் செய்தேன். நானாகவும் சிலதைச் சேர்த்துக்கொண்டேன். விடிந்ததும் யாரோடும் பேசாமல் காளைகளுக்கு உண்ணி பிடுங்குவேன். அது எனக்குப் பூசை மாதிரி. கூழ் குடிக்கும்போது கழனிப் பேச்சை எடுக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் கேலி பண்ணினான்: "இன்னா மாமா, தெனம் கலிங்க அளந்துட்டு வரியே, சர்க்காருல வேல குடுத்துட்டாங்களா?" அதற்கும் ஒரு தடவை கலிங்குக்குப் போய்வந்தேன். வயிற்றெரிச்சல் குறைந்தது, தூக்கம் வந்தது. தம்பி வந்தால் இந்த மாற்றத்தைப் பார்ப்பான் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. நானே போய்க் கூப்பிட்டிருக்கலாம். அதற்குத்தான் மனசு வளையவில்லை.

ஆறு மாதம் கழித்து அவனே வந்தான். வீட்டுக்காரி நடவுக்குப் போயிருந்தாள். அவன் உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னான்.

"சைகோனுக்கு வேலைக்குப் போறேண்ணே. காலையில கப்பலு. எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. ஆனா நீ இருடான்னு சொன்னா இருந்துடறேன்."

எனக்குத் தலை கொதித்தது. ஒரு வார்த்தை கேட்காமல் கடல் தாண்டுவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, முந்தின நாள் வந்து நிற்கிறான். 'எங்கேயோ போய்த் தொலை' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் வாயை இறுக்கிக்கொண்டேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். அவன் வில்லியனூரில் இருந்தவன், என் புதுப் பழக்கம் அவனுக்குத் தெரியாது என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை. எப்படி அடக்கிக்கொண்டேன் பார் என்று ஏரிக்கரையில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

கலிங்கில் முகம் கழுவினேன். கோபம் வடிந்துவிட்டது. 'இருடா. சைகோனும் வேணாம் ஒண்ணும் வேணாம்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தேன். வாசலில் யாரும் இல்லை.

தவளக்குப்பம் வரை ஓடினேன். புதுச்சேரிக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. ராத்திரியே நடந்து விடிகாலையில் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆட்களைக் கப்பலில் ஏற்றிவிட்டுப் படகுகள் வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நாலு கழனிக்குக் கேட்கிற என் குரல் அந்த அலையில் எடுபடவில்லை.

அவனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. எழுதத் தெரிந்தவரைப் பிடித்து, மழை, விளைச்சல் என்று பதில் எழுதச் சொன்னேன். அன்றைக்கு ஏன் எழுந்து போனேன் என்ற ஒன்றை மட்டும் எழுதச் சொல்லவில்லை. நேரில் வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், மடையன். பிறகு யுத்தம் வந்தது, தபால் நின்றது.

யுத்தம் முடிந்து, அவனோடு ஒரே அறையில் இருந்த வில்லியனூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். தம்பி காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது என்றார். ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"ஒங்க பேச்சுதாங்க எப்பவும். 'எங்கண்ணன் அடிச்சதுக்கு நான் கோச்சுக்கல. கடைசியா போயி நின்னப்ப ஒரு வார்த்த திட்டல, துண்ட எடுத்துப் போட்டுகினு எழுந்து பூட்டாரு. சரி, நம்மள கைகழுவிட்டாருன்னு கெளம்பிட்டேன். போடா நாயேன்னு ஒரு வார்த்த திட்டியிருந்தா அங்கியே இருந்திருப்பேன்'னு சொல்லிகினே இருப்பாரு."

அவர் எதிரிலேயே வாய்விட்டு அழுதேன். "டேய் நாயே, என்னடா இப்படிப் பண்ணிட்ட" என்று அவனைத் திட்டினேன்.