கொடி துடிக்கும் வரை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, புளியில் கொட்டை எடுத்தது. 1938, பங்குனி. மோகனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா அத்தாயி, சுற்றுப்பட்டு ஊர்களுக்கு இருபத்தாறு வருடம் பிரசவம் பார்த்தவள். நான் சென்னையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிப்பவன். விடுப்பில் வந்திருந்தேன்.

குழந்தை நீலமாகப் பிறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"சும்மா இருப்பேன்."

"சும்மாவா?"

"தொப்புள்கொடி துடிக்குதில்ல? அது நிக்கிற மட்டும் கத்தி எடுக்க மாட்டேன். செத்த நேரத்துல தானாச் செவக்கும். நீயே நாவப்பழமாட்டத்தான் பொறந்தே. உங்கொப்பன் எட்டிப் பாத்துட்டு, இது யாரூட்டுப் புள்ளைன்னு கேட்டாரு."

"நீலம்னா மூச்சில்லம்மா. ஒடனே அறுத்து, தலைகீழாப் புடிச்சுத் தட்டோணும்."

"அப்படிங்களா டாக்டரே?" என்றாள். ஒரு புளியங்கொட்டையைப் பிதுக்கிப் போட்டுவிட்டு, "படிச்சவன் சொல்றே. கேட்டுக்கறேன் சாமி."

கேட்டுக்கொண்டாள்.

ஆடியில் பக்கத்து ஊர்ப் பொன்னாத்தாளுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை, நீலமாக வந்தது. அம்மா உடனே அறுத்தாள். தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். அது மூச்சே விடவில்லை. கூடப் போயிருந்த எங்கள் பக்கத்து வீட்டு மயிலம்மாள் பின்னால் என்னிடம் சொன்னாள்: "அறுக்கறப்பக் கொடி துடிச்சிட்டுத்தான் இருந்துச்சு தம்பி. உங்கம்மா அந்தக் கொடியவே பாத்துட்டு நின்னாங்க."

அதன்பின் அம்மா எந்தப் பிரசவத்துக்கும் போகவில்லை.

ஆவணியில் எனக்குப் புது வேலை தந்தார்கள். பிறந்த கணத்தில் கொடியிலிருந்து எடுத்த இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு நூறு பங்கு இரத்தத்தில் பதினெட்டுப் பங்கு இருக்கும். முதல் குழந்தைக்கு ஏழு வந்தது. நன்றாக அழுத குழந்தை. கருவியில் பிழை என்று நினைத்துப் பாதரசத்தைச் சுத்தம் செய்து மறுபடி அளந்தேன். ஏழுதான். அடுத்ததற்கு எட்டு. எல்லாக் குழந்தையும் நீலமாகத்தான் வருகிறது. சிவக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை துடிக்கும் கொடிதான் அதற்குப் பிராணவாயு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பொன்னாத்தாள் குழந்தை பிழைத்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அதன் இரத்தத்தை யாரும் அளக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். இருபது குழந்தைகள் ஆகட்டும், உறுதியாகச் சொல்லலாம் என்று இருந்தேன். பதினாறாவதை அளந்துகொண்டிருந்தபோது தந்தி வந்தது. அம்மாவுக்கு விஷக் காய்ச்சல். நான் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

மயிலம்மாள் இன்னொன்றும் சொன்னாள். பொன்னாத்தாள் கிரகணத்தன்று வெளியே நடந்ததால்தான் பிள்ளை போயிற்று என்று மாமியார் வீட்டில் அவளைத் தினமும் ஏசினார்களாம். "குத்தம் அந்தப் பொண்ணுமேல இல்ல, எங்கையிலதான். போய்ச் சொல்லிப்போட்டு வாரேன்" என்று அம்மா இரண்டு முறை கிளம்பினாளாம். முதல் முறை வாய்க்கால் வரை போய்த் திரும்பிவிட்டாள். இரண்டாம் முறை சேலை மாற்றும்போதே குளிர் வந்து படுத்துவிட்டாள்.

பொன்னாத்தாள் வீடு எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல். குற்றம் யாருடையது என்று போய்ச் சொல்ல இனி நான்தான் மிச்சம்.