சுத்தபோசனச் சம்மனசு

குருநகர்க் கனிசியஸின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. சங்கு குளிப்பவன். கடலில் எதைக் கேட்டாலும் "ஓம், கொண்டு வாறன்" என்பான். பாதி நாள் கொண்டும் வருவான். மீதி நாள், அகப்பட்டதற்குக் கேட்டவர் சொன்ன பெயரைச் சூட்டிவிடுவான்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் அவனுக்கு ஓர் ஆசை பிடித்தது. திருகோணமலையில் வண்ணமீன்களை உயிரோடு பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கொம்பனி ஒன்று சுழியோடிகளைத் தேடியது. தெரிந்தவர் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தவர் தெல்லிப்பழை அருளம்பலம் மாஸ்ரர். மனிதர் விறாந்தையில் கண்ணாடித் தொட்டி வைத்து, கீரிமலைக் கடல்நீர் சுமந்து ஊற்றி, முருகைக்கல் என்னும் பவளக்கல்லை உயிரோடு இரண்டு வருடமாகப் பிள்ளைபோல வளர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சல் மீன் ஒண்டு வேணும்," என்றார் மாஸ்ரர்.

"சம்மனசு மீனோ? கொண்டு வாறன்!"

"பொறு. கனக்க ஏஞ்சல் முருகையைக் கொத்தித் தின்னும். வாலிலை ரெண்டு நூல் நீண்ட சாதி மட்டும் அதைத் தொடாது. ஆழத்திலை இருக்கிறது, கிடைக்கிறது கஷ்டம். கொண்டு வா, கடிதம் தாறன்."

மூன்று கிழமை தேடியும் நூல்வால் அகப்படவில்லை. கடிதம் கைநழுவிவிடுமோ என்ற பயத்தில், நீலக்கோடு போட்ட வேறொரு சம்மனசைக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டான்.

"நூல் எங்கை?"

"வாற வழியிலை அறுந்து போச்சு, மாஸ்ரர்."

"முருகையைத் தின்னாதோ?"

"சம்மனசெல்லோ! வருசம் முழுக்கச் சுத்தபோசனம். எங்கடை வேதத்திலை வெள்ளிக்கிழமையிலை இறைச்சி தொடமாட்டம், அதுமாதிரி."

"அப்ப சைவம்," என்று மாஸ்ரர் மகிழ்ந்துபோனார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வாங்கப் போனான். வாசல் படலைவரை மாஸ்ரரின் சத்தம் கேட்டது.

"உன்ரை சம்மனசு என்ரை முருகையைத் திண்டிட்டுதடா!"

சாமியறையிலிருந்து திருநீற்றுக் கையோடு ஓடிவந்தாள் மாஸ்ரரின் மனைவி பத்மாசினி. "ஐயோ! ஆர் முருகையாவைத் திண்டது?"

கனிசியஸ் விறாந்தையில் ஏறித் தொட்டியை எட்டிப் பார்த்தான். கடிதம் போனது போனதுதான். ஆனாலும் நாக்கு அடங்கவில்லை.

"நான் பொய் சொல்லேல்லை, மாஸ்ரர். சுத்தபோசனத்திலை இறைச்சிதான் ஆகாது. கடலிலை விளையிறது எல்லாம் தின்னலாம்."

முதலில் சிரித்தது பத்மாசினிதான். மாஸ்ரர் மொட்டைக் கல்லைப் பார்த்தார், கண் கலங்கினார். பிறகு மேசையடியில் அமர்ந்து இங்கிலிசில் இரண்டு வரி எழுதி ஒட்டிக் கொடுத்தார். கனிசியஸுக்கு இங்கிலிசு தெரியாது. அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துத் திருகோணமலைக்குக் கொண்டுபோனான்.

மனேஜர் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்: "இவன் எந்த மீனையும் பிடிப்பான். அது என்ன தின்னும் என்று மட்டும் இவனிடம் கேட்க வேண்டாம்."

"நாங்களும் கேக்கிறேல்லை," என்று அன்றைக்கே வேலை கொடுத்தார்.

வைகாசியில் மாஸ்ரர் வீட்டுக்குத் தண்ணீர்ப் பை ஒன்று பஸ்ஸில் வந்தது. உள்ளே மீன், வாலில் இரண்டு நூல். பையில் கட்டியிருந்த துண்டில் கோணல் எழுத்தில் ஒரே வரி:

"மாஸ்ரர், இதுக்கு நூல் அறுந்து போகேல்லை."