கோவையில் ஒரு கார்பன் தாளைத் தேடி

1996 ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோவை ரயில் நிலையத்தில் இறங்கினேன். சென்னையில் விசிறி போட்டும் வியர்த்தவளுக்கு, இங்கே நடைமேடையில் நிற்கும்போதே முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றியது. தங்கை கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க வந்திருந்தேன். கைப்பையில் இரண்டு மாதம் முன்பு கிடைத்த என் முதல் கிரெடிட் கார்டு. அதன் வரம்பு இருபதாயிரம். புடவை போக மீதியில் அடுத்த வாரம் மாப்பிள்ளை மோதிரம் வாங்குவதாகத் திட்டம்.

கார்டைக் கொடுத்த வங்கி அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கார்டைக் கண்ணில் படும்படி வைத்திருங்கள், கடையில் நீட்டும் சீட்டில் தொகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், சீட்டுக்கும் நகலுக்கும் நடுவிலிருக்கும் கார்பன் தாளை வாங்கிக் கிழித்துவிடுங்கள். கார்பனில் எண்ணும் பெயரும் அச்சாகப் பதிந்திருக்குமாம்; அது போதுமாம், யாரோ எங்கோ உட்கார்ந்து நம் பெயரில் சாமான் வாங்க.

காலை 10.30. ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு லாட்ஜில் குளித்துச் சாப்பிட்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு ஆர்.எஸ்.புரத்துக்கு ஆட்டோ, இருபத்தைந்து ரூபாய். பட்டுக்கடைக்காரர் ஆறுமுகம் முதலில் காபி, பிறகுதான் புடவை என்றார். அரக்கு நிறத்தில் மயில்கழுத்துக் கரை, 6,800 ரூபாய். கார்டை இரும்புக் கருவியில் வைத்து, மேலே சீட்டுகளைப் போட்டு, கைப்பிடியைச் சரக் சரக்கென்று இழுத்தார். கார்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை நான். தொகையையும் பார்த்தேன். புடவை அழகில் மயங்கிக் கார்பனை மட்டும் மறந்துவிட்டேன்.

மதியம் 12.15. பல்லடத்தில் இருக்கும் கல்லூரித் தோழியைப் பார்க்கப் பஸ் ஏறினேன். சிங்காநல்லூர் தாண்டும்போது கார்பன் நினைவுக்கு வந்தது. யாராவது மீதி வரம்பைக் காலி செய்துவிட்டால் மோதிரத்துக்கு எங்கே போவேன்? பாதி வழியில் இறங்கி, கண்ணில் பட்ட ஆட்டோவை நிறுத்தினேன்.

“ஏனுங்க அம்மணி, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?” என்றார் ஓட்டுநர் பழனிச்சாமி. சொன்னேன். அறுபது ரூபாய்க்குப் பறந்தார்.

கடையில் ஆறுமுகம் திகைத்துப்போனார். “கார்பனுங்களா? அதெல்லாம் ஜாக்கெட்டுக்குப் பூவேலை செய்யற ஜரினாம்மாவுக்குக் கொடுத்துருவமுங்க. துணியில பூ வரையறதுக்கு வேணுமுன்னு கேப்பாங்க. இப்பத்தான் வாங்கிட்டுப் போனாங்க. இருங்க, நானே போன் போடறேன்.”

ஜரினாம்மா வீட்டில் போன் இல்லை. கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக்கடைக்குப் போட்டார். எனக்கு நிம்மதி வந்தது. அடுத்த நொடியே போயும்விட்டது. தன்னிடமிருந்த சீட்டின் நகலைக் கண்ணருகே பிடித்து, என் கார்டின் எண்ணை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டார். மறுமுனையிலிருந்தவர் அதைத் திரும்பச் சொல்வது எனக்கே கேட்டது. வாசலில் நின்ற பழனிச்சாமியின் உதடுகளும் அசைந்தன.

“ஐயோ, பேரைச் சொன்னால் போதுமே!” என்றேன்.

“பேருன்னா மாறிப்போயிருமுங்க. நம்பருன்னா தப்பாதுங்க” என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உதவி செய்கிற மனுஷரிடம் எப்படிக் கோபிப்பது?

பிற்பகல் 2 மணி. கோட்டைமேட்டுச் சந்தில் ஆட்டோ நுழையும்போதே மளிகைக்கடைக்காரர் ஓடி வந்தார். “கடைசி நாலு நம்பரு ஏழு, ஒம்பது, ரெண்டு, ரெண்டு. நீங்கதானுங்களே?” எதிர் மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப்பார்த்து, அதற்கு முந்தைய நாலையும் சரியாகச் சொன்னார். சந்தே என் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

ஜரினாம்மா என் வயதுக்காரர். மடியில் வெள்ளை ஜாக்கெட் துணி, அதன்மேல் என் கார்பன், அதற்கும் மேலே மல்லிகைக்கொடி வரைந்த காகிதம்.

“வாங்கக்கா. இதுதான் உங்களுது. நல்ல மை. ஆனா நம்பரு இருக்கற எடத்துல மட்டும் கார்பன்ல மையே இல்ல, கொடி அறுந்து அறுந்து விழுது, பாருங்க.”

பார்த்தேன். கொடியில் அறுந்திருந்த இடமெல்லாம் என் எண்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். “கிழிச்சிருங்க. ஆனா இந்த ஒரு பூவ முடிச்சுக்கறேனே?” முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, டீ குடித்து, கிழித்தேன். மற்றவர்களின் கார்பன்களையும் அவரே கட்டாக எடுத்துப் போட்டார். இரண்டு பேருமாகப் பொடிப்பொடியாகக் கிழித்தோம். பதிலுக்கு மளிகைக்கடையில் ஒரு பெட்டி புதுக் கார்பன் வாங்கிக் கொடுத்தேன். பணம் வேண்டாமென்று கடைக்காரர் மல்லுக்கு நின்றார்.

மாலை 6.45. பல்லடம் போக நேரமில்லை. பழனிச்சாமிதான் லாட்ஜிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். சென்னையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாது. இங்கே ஒரு சந்துக்கே என் கார்டு எண் மனப்பாடம். அவர்களில் ஒருவர்கூட ஒரு பைசா எடுக்கமாட்டார் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த எண்ணைச் சந்தோஷமாகச் சொல்வார்கள், அதையும் அடித்துச் சொல்வேன். புதுக் கார்டு வரட்டும், மோதிரம் பத்து நாள் தள்ளிப் போனால் போகட்டும் என்று முடிவு செய்து எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்தேன்.

வங்கியின் இருபத்துநாலு மணி நேர கார்டு சேவையில் போனை எடுத்த பெண், “கார்டு எண்ணைச் சொல்லுங்கள்” என்றாள். நான் கைப்பையைத் துழாவுவதற்குள், கதவருகே என் பெட்டியோடு நின்ற பழனிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

“சரியாக இருக்கிறது. யார் பேசியது?”

“ஆட்டோக்காரர்” என்றேன். “கார்டை ரத்து செய்துவிடுங்கள்.”

பழனிச்சாமியின் முகம் வாடிவிட்டது. பெட்டியை ரயிலில் ஏற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

“புது நம்பரு வந்துதுன்னா ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க அம்மணி. நீங்க மறந்துபோட்டாலும் நானிருக்கறனுங்க.”