கம்பம் வந்தால் எடுத்துவிட வேண்டும்

யுவராணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரச் சேலையை உதறிக் கொடியில் விரித்து இரண்டு ஓரத்திலும் கிளிப் மாட்டினாள். அடுத்த வீட்டு மாடிகளில் இருப்பதுபோல் பிளாஸ்டிக் கிளிப் அல்ல. பல் வைத்த ஸ்டீல் கிளிப். ஒரு காலத்தில் கழுவிய ஃபிலிமைத் தொங்கவிட்டவை. பதினைந்து வருடமாகச் சேலை, லுங்கி, தலையணை உறை என்று பிடித்துப் பழகியிருந்தன.

அவள் கணவர் சுருளிராஜன் படியேறி வந்தார். கொடியின் மறுகோடியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காற்றுக்கு ஒரு பாவாடை பறந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்தது.

"எத்தனை ரோலு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு. கொச்சியிலருந்து ஆறு, பெங்களூர்லருந்து அஞ்சு. கையால கழுவித்தான் வேணுங்கிறாக."

அது யாருடைய கை என்று அவர் சொல்லவில்லை. பாவாடையை எடுத்து மறுபடி அலசப் போனாள்.

பழனிசெட்டிபட்டி மெயின் ரோட்டில் முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. தொண்ணூற்றாறில் சுருளிப்பட்டியிலிருந்து இருபது வயதில் வாக்கப்பட்டு வந்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் கண்ணில் பட்டது கடைமேல் இருந்த மஞ்சள் போர்டுதான். மாப்பிள்ளையின் பெயரைவிடக் கோடாக் என்ற பெயர்தான் அதில் பெரிதாக இருந்தது. ஊரிலும் அவருக்குக் கோடாக் சுருளி என்றுதான் பெயர். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அதைப் போடாமல் விட்டிருந்தார்கள்.

கலர் ரோல்கள் மதுரைக்குப் போகும். கறுப்பு வெள்ளை மட்டும் வீட்டில். பள்ளிக்கூடப் பரீட்சைக்கும் ரேஷன் கார்டுக்கும் ஒட்டுகிற படங்களுக்கு அவசரம் அதிகம். அவரோ கல்யாணம், காதுகுத்து என்று வெளியிலேயே இருப்பார். ஆகவே இரண்டாவது மாதமே அவளை அடுப்படிக்குப் பக்கத்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி வேலையைக் காட்டிக்கொடுத்தார். புதுமணத் தம்பதி பட்டப்பகலில் அறையைப் பூட்டிக்கொள்கிறார்களே என்று பக்கத்து வீட்டு ராமுத்தாய் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். உள்ளே நடந்தது என்னவோ படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ மருந்தின் வாடையில் தும்மியது மட்டும்தான்.

தட்டு முறை அது. தட்டில் மருந்தை ஊற்றி, ஃபிலிமின் இரு முனையையும் இரு கையில் பிடித்து, ஒரு கை ஏற ஒரு கை இறங்க மருந்துக்குள் போய்வரச் செய்ய வேண்டும். சின்ன வெளிச்சம்கூட ஆகாது, அதனால் கடிகாரம் பார்க்க முடியாது. சுருளிராஜன் ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார். நானூறு தாண்டினால் யுவராணிக்குக் குழம்பியது. பிறகு தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். அறுபது எண்ணினால் ஒரு ஊர். பழனிசெட்டிபட்டியில் பஸ் ஏறினால் முதல் அறுபதுக்கு வீரபாண்டி, அடுத்து கோட்டூர், சீலையம்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி. எட்டாவது கம்பம். கம்பம் வந்தால் எடுத்துவிட வேண்டும். கோடையில் மருந்து சூடாகி வேகம் பிடிக்கும். அப்போது புதுப்பட்டியிலேயே இறங்கிவிடுவாள். அங்கிருந்து கம்பம் ஒரு எட்டு, கம்பத்திலிருந்து பிறந்த வீடு இன்னொரு எட்டு. ஒரு நாளில் பத்துத் தடவை கம்பம்வரை போய்த் திரும்பிய மாதங்களில் அவள் நிஜத்தில் ஒருமுறைகூடப் பிறந்த வீட்டுக்குப் போனதில்லை.

எப்படி நேரம் தெரிகிறது என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

மூன்றாம் வருடம் கை வெடித்தது. முதலில் அரிப்பு, பிறகு விரலிடுக்கில் கொப்புளம், அப்புறம் ஆற்று மண் காய்ந்ததுபோல் தோல் பிளந்தது. மதுரையில் உதிரியாக வாங்கி அவர் கலக்கும் மருந்துதான் காரணம், விட்டுவிட்டால் சரியாகும் என்றார் தேனியில் தோல் டாக்டர். எங்கே விடுவது? கையுறை போட்டுப் பார்த்தாள். ஃபிலிமில் கீறல் விழுந்தது. உறைக்குள் மருந்து இறங்கிவிட்ட நாளில் வெறுங்கையைவிட மோசமானது. சுருளிராஜன் களிம்பு வாங்கி வருவார், புளிக்குழம்பு வைக்கிற நாளில் தானே புளி கரைத்துக் கொடுப்பார். ரோல் கழுவ மட்டும் மாட்டார். "எனக்கு அது கை வராது" என்பார். ஒரே ஒரு தடவை முயன்று ஒரு காதுகுத்தில் எடுத்த தாய்மாமன் வரிசைப் படங்கள் முழுவதையும் கறுப்பாக்கினார். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

அவளை விடுவித்தது டிஜிட்டல் கேமராதான். இரண்டாயிரத்து ஆறு, ஏழில் ரோல் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. கம்ப்யூட்டர் வந்தது, ஜெராக்ஸ் வந்தது. கோடாக் கம்பெனி திவாலாகிக் கோர்ட்டுக்குப் போன செய்தி டிவியில் வந்த அன்று சுருளிராஜன் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். மஞ்சள் போர்டை வெயிலும் மழையும் தின்று எழுத்து மங்கியது, இறக்க மனம் வரவில்லை அவருக்கு. யுவராணி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னாள். சொல்லும்போதே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பத்தும் வழுவழுவென்று இருந்தன.

அந்த விரல்களை வைத்துத்தான் ஆரி வேலை கற்றாள். ஜாக்கெட்டில் ஊசியால் ஜரிகையும் முத்தும் கோக்கிற வேலை. பட்டுத்துணிமேல் கை வழுக்கிப் போக வேண்டும். தோல் சொரசொரத்தால் இழை மாட்டிக்கொள்ளும். ஹைப்போ வாடை போன அறையில் சன்னலை உடைத்துப் பெரிதாக்கி நடுவில் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம் போட்டாள். தேவதானப்பட்டி, சின்னமனூரிலிருந்தெல்லாம் கல்யாணப் பெண்கள் வந்தார்கள். மகள் சினேகாவின் கல்லூரிப் படிப்பு அந்தச் சட்டத்தில்தான் முடிந்தது. அந்த அறைக்கு அம்மா ரூம் என்று பெயர் வந்தது.

போன வருடம் கோயம்புத்தூரில் சினேகாவோடு வேலை பார்க்கும் இனியன், மேகமலையில் எடுத்த ஒரு ரோலோடு வீட்டுக்கு வந்தான். இப்போது பிள்ளைகள் மறுபடி ஃபிலிமில் எடுக்கிறார்கள், கோடாக் பெயரில் டிவிகூட வந்துவிட்டது, ரோலுக்குத் தட்டுப்பாடு என்று அவன் சொல்லச் சொல்லச் சுருளிராஜன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பரணிலிருந்து தட்டை இறக்கினார். வந்த பிள்ளை கேட்கிறதே என்று யுவராணி ஒரே ஒரு ரோல் கழுவிக் கொடுத்தாள். நன்றாகக் கழுவிக் கொடுத்ததுதான் அவள் செய்த தப்பு. தேயிலைச் சரிவில் மூட்டம் இறங்குகிற படத்தை இனியன் போனில் ஏற்றி, கீழே "யுவராணி அம்மா கையால் கழுவியது" என்று எழுதினான். ஒரே வாரத்தில் நாற்பது பேர் விலாசம் கேட்டார்கள். சுருளிராஜன் புது மஞ்சள் பெயிண்ட் வாங்கிவந்து தானே ஏணி போட்டு ஏறினார்.

சன்னலுக்குக் கறுப்புத் துணி ஆணியடித்தாயிற்று. ஆரிச் சட்டம் ஸ்டுடியோவின் முன்பக்கம், ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் சாய்ந்து நின்றது. கை படாமல் கழுவுகிற டப்பா வாங்கித் தருகிறேன் என்று சினேகா போனில் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. டப்பாவில் கழுவ ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, இங்கே ஏன் அனுப்புகிறார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் யுவராணிக்குச் சங்கடமாக இருந்தது.

கொடியை முடித்துக் கீழே வந்தவள் சட்டத்தின் முன் உட்கார்ந்தாள். வேல்விழி என்ற பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியது. சந்தன நிறப் பட்டு. நாலு முத்துக் கோத்ததும் வலது ஆள்காட்டி விரல் இழையைப் பிடித்து இழுத்தது. விடுவித்தாள். விரலை எடுத்த இடத்தில் கடுகளவு சிவப்பு இருந்தது.

எச்சில் தொட்டுத் துடைத்தாள். கொஞ்சம் பரவியது. அதன்மேல் ஒரு முத்து வைத்தால் மறைந்துவிடும், அதை மறைக்கலாம். அடுத்ததை?

"மருந்து கலக்கி வச்சிருக்கேன். சூடாகுறதுக்குள்ள வந்துரு" என்றார் சுருளிராஜன் அறை வாசலிலிருந்து.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்கை அணைத்ததும் அந்த யோசனை வந்தது. ஒரு ரோல் கெட்டால் போதும். கொச்சிக்காரன் கோபத்தில் நாலு வார்த்தை எழுதுவான், மற்றவர்கள் படிப்பார்கள், பார்சல் நின்றுவிடும். எவ்வளவு சுலபம். கம்பத்தில் இறங்காமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கூடலூர், லோயர் கேம்ப், மலை ஏறிக் குமுளி. அதற்குள் படம் கரியாகிவிடும்.

ஃபிலிமை இறக்கினாள். மருந்து வெடிப்புக்குள் நுழைந்தபோது பல்லைக் கடித்தாள். வீரபாண்டி. கோட்டூர். ஒரு கை ஏறியது, ஒரு கை இறங்கியது. சின்னமனூரில், யார் எடுத்த படமோ, வீட்டு விசேஷமோ என்னவோ என்று நினைப்பு ஓடியது. அதைத் தள்ளினாள். உத்தமபாளையம். அனுமந்தன்பட்டி. புதுப்பட்டி. இனி கணக்கில்லை, குமுளிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

கம்பம் வந்தது. கை எடுத்துவிட்டது. அவள் கூடலூரை நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபிலிம் தண்ணீர்த் தட்டுக்கும், அங்கிருந்து ஹைப்போவுக்கும் போயிருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் படிந்த பழக்கம் அவளைக் கேட்கவில்லை.

விளக்கைப் போட்டாள். ஒரு கட்டத்திலும் குறையில்லை.

சுருளிராஜன் உள்ளே வந்து ஃபிலிமைச் சட்டைப்பையிலிருந்த கிளிப்பில் மாட்டி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் முகத்தில் இருந்தது பேராசை இல்லை. காணாமல்போன மாடு பட்டிக்குத் திரும்பிவிட்டதைக் கண்டவன் முகம்.

"எப்படி வந்திருக்கு பாரு. உனக்கு இது ரத்தத்துலயே ஊறுனது."

யுவராணி ஈரக் கையை அவர் பிடித்திருந்த ஃபிலிமுக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில் நீட்டினாள். பிளவுகள் வெளுத்துத் திறந்திருந்தன.

"ஜாக்கெட்டுல ரத்தம் பட்டிருச்சுங்க. இன்னும் பத்து ரோலு கிடக்கு. இதை எப்பத்தான் நிப்பாட்டுவீக?"

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பார்க்கத்தான் செய்தார். ஃபிலிம் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் விரலில் விழுந்தது. ஃபிலிம் தரையில் சொட்டாமல் இருக்க மறுகையைக் கீழே ஏந்தியபடி, தூசி படாத இடம் பார்த்துக் காயப்போட அவர் வெளியே போனார்.