கிளிசரின் அக்கா

கண்ணீர் வராத நடிகர்களை அழவைத்தே வயிறு வளர்த்தவள் அவள். மேக்கப் பெட்டியும் கையுமாய் ஷூட்டிங் ஷூட்டிங்காக அலைந்து தலை நரைத்துவிட்டது. எத்தனையோ பேர் கண்ணுக்குக் கீழே கிளிசரின் தடவியதால் 'கிளிசரின் அக்கா' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது வீட்டில் புருஷன் ஒருத்தர்தான். சாப்பிடும்போது அவரிடம் தொழிலைப் பற்றி மூச்சு விடமாட்டாள். விட்டால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

எப்படி இறங்கும்? நாலு மூஞ்சியில் ஒற்றிய பஞ்சையே ஐந்தாவது மூஞ்சிக்கும் ஒற்றச் சொல்வார்கள். ஹீரோ விக்கைக் கழற்றினால் அடிக்கிற நாற்றத்துக்கு நாய்கூட எட்ட நிற்கும். அதெல்லாம் அக்காவுக்குப் பழகிவிட்டது. பழகாதது இந்தப் பொம்மைப் படம்தான்.

குடும்பத்தோடு பார்க்கிற படமாம். பரணில் கிடக்கும் பொம்மைகள் உயிர் பெற்று ஒரு குழந்தையோடு பேசுமாம். குழந்தைப் பருவத்தின் அதிசயம், அதிசயம் என்று டைரக்டர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அதிசயமாவது மண்ணாங்கட்டியாவது! பொம்மைகளை மேஜையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பெயின்ட் வாடை குடலைப் பிடுங்கியது. கரடிக்கு வாயசைக்க மேஜைக்கடியில் ஒருத்தன் வேர்க்க விறுவிறுக்கக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். நடிக்க வந்த ஆறு வயசுப் பாப்பா ஆசையாய்க் கரடியைத் தொட்டால் போதும், "கையை எடு!" என்று நாலு பக்கமிருந்தும் வள்ளென்று விழுவார்கள்.

அதனால் பாப்பா தன் சொந்த முயல் பொம்மையை விடவே விடாது. பழைய துணியில் தைத்தது, காதெல்லாம் சப்பிச் சப்பி ஊறிப்போனது. ஷாட் வரும்போது மட்டும், "பெரியம்மா, பத்திரம்," என்று அக்கா மடியில் போட்டுவிட்டுப் போகும்.

அன்றைக்கு, கரடி இனிமேல் பேசாது என்று தெரிந்து பாப்பா அழவேண்டிய காட்சி. அக்கா கிளிசரினை எடுத்தாள். டைரக்டர் தடுத்தான்.

"வேணாம்க்கா, பொய்யாத் தெரியும். எனக்கு நிஜ அழுகை வேணும்." குரலைத் தாழ்த்தினான். "அந்த முயலை அவ கண்ணு முன்னாடியே கத்திரிக்கோலால நறுக்கிடலாம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவளாவது தடுப்பாள் என்று பக்கத்தில் நின்ற அம்மாக்காரியைப் பார்த்தாள்.

"பழைய துணிதானே சார், வேற வாங்கிக்கலாம்," என்றாள் அந்த மகராசி.

ச்சீ! நீங்களெல்லாம் சோற்றைத்தான் தின்கிறீர்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால் இவளை வெளியே அனுப்பிவிட்டு நறுக்குவார்கள். எப்பாடுபட்டாவது முயலைக் காப்பாற்றியாக வேண்டும்.

பவுடர் ஒற்றுகிற சாக்கில் குனிந்து குழந்தையின் காதில் சொன்னாள்: "கண்ணு, கரடியைப் பார்த்ததும் சத்தமா அழுதுடு. சும்மா அழுதாப் போதும். இல்லேன்னா உன் முயலை வெட்டிடுவாங்க."

"வெட்டுவாங்களா?"

"நீ அழுதா வெட்ட மாட்டாங்க. பெரியம்மா இருக்கேன்ல."

கேமரா ஓடியது. பாப்பா கரடியைப் பார்க்கவே இல்லை. டைரக்டர் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அப்புறம் கிளம்பிய அழுகை இருக்கிறதே, மேஜைக்கடியில் இருந்தவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டான்.

"கட்!" எல்லோரும் கைதட்டினார்கள். பாப்பா நிறுத்தவில்லை. முயலைக் கையில் கொடுத்தும் நிறுத்தவில்லை. அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதது. சும்மா அழுகிற பிள்ளைக்கு இப்படி மூச்சு முட்டாது. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கத்திரிக்கோலால் செய்ய நினைத்ததை இவள் வாயாலேயே செய்து முடித்திருந்தாள். தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

டைரக்டர் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான். "அக்கா, காதுல என்னமோ சொன்னீங்களே, பிரமாதம்! இன்னொரு டேக் போறோம். அதையே திரும்பச் சொல்லுங்க."

"தூ! நீயும் உன் படமும்!" என்று பஞ்சைத் தரையில் வீசிவிட்டு, குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்தப் போனாள்.

அவள் கிட்டே போய்க் குனிந்ததும், பாப்பா இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டது.